புத்தகத்தை மூடிவிட்டுப் படிக்கட்டும்!



சேலத்துக்குப் பக்கத்தில் பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். "ஊர்ப் பேரைப் போட்டுக்கலாம், எம் பேரு வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் பெயரை விட்டுவிட்டு, கடிதத்தின் முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

"எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்குதுங்க. அரளியும் சம்பங்கியும் வெச்சிருக்கோம். மூத்தவ ரஷ்யாவுல ஆறு வருஷம் டாக்டருக்குப் படிச்சுட்டு வந்துட்டா. தோட்டத்தை அடமானம் வெச்சுத்தான் அனுப்பினோம். இங்க வந்து இன்னொரு பரீட்சை பாஸ் பண்ணினாத்தான் டாக்டர்னு ஒத்துக்குவாங்களாம். ரெண்டு தடவை எழுதிட்டா, வரலை. போன தடவை 138 மார்க்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கலர் கலராக் கோடு போட்டுப் படிக்கிறா. காலையில கேட்டா, எல்லாம் மறந்து போச்சும்மாங்கறா. நான் எட்டாவதோட நின்னவ. வேளைக்குச் சோறாக்கிப் போடறதைத் தவிர அவளுக்கு நான் என்னங்க செய்ய முடியும்?"

அம்மா, நீங்கள் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. எட்டாவது படித்தவர் செய்ய முடியாதது அதில் ஒன்றுகூட இல்லை. உங்களைப் போன்ற தாய்மார்கள் இன்று நம் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பதால், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அது என்ன பரீட்சை?

வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய நம் நாட்டுப் பிள்ளைகள் இங்கே வைத்தியம் பார்ப்பதற்கு முன்னால் தேற வேண்டிய பரீட்சை இது. சுருக்கமாக எஃப்.எம்.ஜி.இ. என்பார்கள். 2002-ஆம் ஆண்டிலிருந்து, வருடத்துக்கு இரண்டு பருவமாக நடந்து வருகிறது. மொத்தம் 300 கேள்விகள். காலையில் 150, மதியம் 150. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதைக் கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். 150 வாங்கினால் பாஸ். தேறியவர்கள் மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டு, இங்கே ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்த பிறகுதான் நிரந்தரப் பதிவு கிடைக்கும்.

இதற்குப் பதிலாக 'நெக்ஸ்ட்' என்று ஒரு பொதுப் பரீட்சை வர வேண்டும் என்று 2019-இல் வந்த மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது. பெயர் மாறினாலும் படிக்கும் முறை மாறப் போவதில்லை. எனவே அதை நினைத்து இப்போதே கலங்க வேண்டாம்.

பல தடவைகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் மட்டும் மக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 150-க்கு 138 என்றால் பன்னிரண்டு கேள்விதான் குறைவு!

இந்த 'ஐந்தில் ஒருவர்' கணக்கு எனக்கு வேலூரை ஞாபகப்படுத்துகிறது. 1918-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே பெண்களுக்கென்று ஒரு வைத்தியப் பள்ளியை ஆரம்பித்தார். அரசாங்கப் பரீட்சையில் ஆண்களே ஐந்துக்கு ஒருவர்தான் தேறுகிறார்கள், பெண்கள் தேறாவிட்டால் மனம் தளர வேண்டாம் என்று மேலதிகாரி முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தாராம். முதல் வருடப் பரீட்சைக்குப் போன 14 பெண்களும் தேறிவிட்டார்கள்! இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். பொதுக் கணக்கு எப்படி இருந்தாலும், நம் வீட்டுப் பெண்ணின் கணக்கை நாம் தனியாகப் போடலாம்.

ஏரி நிறைந்திருந்தால் போதுமா?

உங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் சேலம் டவுனுக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக உண்டாக்கிய ஏரி அது. அந்தக் காலத்தில் ஏரி நிரம்பியிருந்தால் மட்டும் சேலத்துக்காரர்களுக்குத் தாகம் தீர்ந்திருக்குமா? குழாய் வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தானே தீரும்! படிப்பும் அப்படித்தான். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது ஏரியை நிரப்புகிற வேலை. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை ஞாபகத்திலிருந்து வெளியே கொண்டுவருவது குழாய் போடுகிற வேலை. உங்கள் மகள் ஏரியை ராத்திரி இரண்டு மணி வரைக்கும் நிரப்புகிறாள். குழாயைப் போடவே இல்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் ஒரு பாடத்தை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே வேளைதான் படித்தது. மற்ற மூன்று வேளையும் பாடத்தைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் நூற்றுக்கு 83 பங்கு சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 பங்குதான் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ்! திரும்பப் படித்தவர்களுக்கு 40 பங்குதான் ஞாபகம் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

பார்த்தீர்களா? திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் தெரிகிறது' என்ற தைரியம் உடனே வந்துவிடுகிறது. கண்ணுக்குப் பழகிய வரிதானே! விடிந்தால் அந்தத் தைரியம் போய்விடுகிறது. கலர் பென்சில் கோடும் அந்த ரகம்தான்.

நீங்கள்தான் பரீட்சை அதிகாரி

அரை மணி நேரம் படித்ததும் புத்தகத்தை மூடி உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். தமிழில், வீட்டுப் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்று:

1. "அது ஏன் அப்படி ஆகுது?"
2. "அதுக்கப்புறம் என்ன ஆகும்?"
3. "வேற எதனாலயாச்சும் இப்படி வருமா?"

மஞ்சள் காமாலைப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். "பித்தக் குழாயில கல்லு அடைச்சுக்கிட்டா மஞ்சளாகும்மா" என்பாள். "அது ஏன்?" என்று கேளுங்கள். "ரத்தத்துல சிவப்பணு பழசாகி உடையறப்ப பிலிருபின்னு ஒரு மஞ்சள் பொருள் வரும்மா. ஈரல் அதைப் பதப்படுத்திப் பித்தத்தோட வெளியே அனுப்பும். வழி அடைச்சுக்கிட்டா அது ரத்தத்துலயே தேங்கிடும்." சரி, "வேற எதனால வரும்?" "ஈரல்ல கிருமி தாக்கினாலும் வரும், சிவப்பணு ரொம்ப வேகமா உடைஞ்சாலும் வரும்." இந்த மூன்றாவது கேள்விதான் வைத்தியப் பரீட்சையின் உயிர். நான்கு விடைகளில் மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுப்பது என்றால் இதுதானே?

அவள் எங்கே தடுமாறுகிறாளோ, எங்கே தமிழில் சொல்ல வராமல் இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாளோ, அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்துவிடுங்கள். அங்கேதான் அவளுக்குப் புரியவில்லை. திரும்பப் படிக்க வேண்டியது அந்த இடம் மட்டும்தான். தோட்டத்து வேலையாக நீங்கள் போய்விட்டால் பாட்டி கேட்கட்டும், தம்பி கேட்கட்டும். ஆளே இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

மார்க் எந்தப் பாடத்தில் இருக்கிறது?

பல பிள்ளைகள் உடற்கூற்றில் ஆரம்பித்து, எலும்பு எலும்பாகப் படித்து, பாதிக் காலத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். வெளியிட்டிருக்கும் மார்க் பங்கீட்டைப் பாருங்கள். உடற்கூறு 17, உடலியங்கியல் 17, உயிர்வேதியியல் 17. நோய்க்குறியியல், கிருமியியல், மருந்தியல் ஒவ்வொன்றும் 13. சட்ட மருத்துவம் 10. ஆக முதல் பகுதிப் பாடங்கள் எல்லாம் சேர்ந்து 100.

மீதி 200 நோயாளியைப் பார்க்கிற பாடங்களுக்கு. பொது மருத்துவம் 33, அறுவை 32, பிரசவமும் பெண்கள் நோயும் 30, சமூக மருத்துவம் 30. இந்த நான்கு பாடங்களிலேயே 125 வந்துவிட்டது! குழந்தை நலம், கண், காது-மூக்கு-தொண்டை தலைக்கு 15. மனநோய், தோல், எலும்பு முறிவு, மயக்க மருந்து, எக்ஸ்ரே, கதிர் சிகிச்சை தலைக்கு 5.

அதனால் காலையில் மூளை தெளிவாக இருக்கும் வேளையைப் பெரிய பாடங்களுக்கு ஒதுக்கட்டும். சின்னப் பாடங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஐந்து மார்க் பாடத்துக்கு இரண்டு மூன்று நாள், முப்பது மார்க் பாடத்துக்கு இரண்டு மூன்று வாரம் என்று சமையலுக்கு அளவு போடுகிற மாதிரி போட்டுக்கொண்டால் போதும்.

நம் ஊரிலேயே இருக்கிறது பாடம்

சமூக மருத்துவத்துக்கு 30 மார்க் என்றேன் அல்லவா? வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் கோட்டை விடுகிற இடங்களில் இது ஒன்று. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், கர்ப்பிணிகளுக்கான திட்டங்கள் எல்லாம் ரஷ்யாவில் எதற்குச் சொல்லித் தரப் போகிறார்கள்?

அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தடுப்பூசி அட்டையை ஒரு தடவை வாங்கி வாருங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. 16-லிருந்து 24 மாதத்துக்குள் அதே ஊசி மறுபடியும். அட்டையை நீங்கள் வைத்துக்கொண்டு, "ஆறாவது வாரத்துல என்னென்ன கண்ணு?" என்று கேட்டால் அவள் ஒப்பிக்கட்டும். புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுவார்கள். நர்சம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும். எந்த ஊசியை எந்த இடத்தில், எவ்வளவு, எந்தக் குளிர்ச்சியில் வைத்திருந்து போடுகிறார்கள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தது பத்துத் தடவை படித்ததற்குச் சமம்.

உங்கள் தோட்டத்து அரளியும் பாடம்தான். அதன் விஷம் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். அதனால் அரளியைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். வயலில் வரும் பாம்பும் பாடம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாராகிறது. எது நரம்பைத் தாக்கும், எது ரத்தத்தை உறையாமல் செய்யும் என்று தோட்டத்து வரப்பில் நடந்துகொண்டே உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும். அப்படிச் சொன்ன பாடம் பரீட்சை ஹாலில் கைவிடாது.

தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி

பூச்செடிக்கு ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் விட்டால் செடி பிழைக்குமா? முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம். ஒரு பாடத்தை இன்று படித்தால் நாளைக்கு ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று மூடிவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். மறக்க ஆரம்பிக்கும் சமயத்தில் ஞாபகப்படுத்தினால் வேர் ஆழமாக இறங்கும். இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சமையலறையில் தொங்குகிற மாத காலண்டர் போதும். எந்தத் தேதியில் எந்தப் பாடம் திரும்ப வரவேண்டும் என்று கட்டத்தில் எழுதிவையுங்கள். பால் கணக்கு எழுதுகிற உங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?

'தப்பு நோட்டு' ஒன்றும் போடச் சொல்லுங்கள். பழகும் கேள்விகளில் தவறியதை மட்டும் அதில் எழுத வேண்டும். பக்கத்திலேயே காரணமும் வேண்டும்: தெரியாமல் போட்டதா, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போட்டதா, இரண்டு விடைகளுக்கு நடுவில் குழம்பியதா? ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் எந்த ஓட்டையில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போதிருந்து, ஞாயிறுதோறும் வீட்டிலேயே ஒரு முழுப் பரீட்சை வைக்க வேண்டும். காலையில் இரண்டரை மணி, மதியம் இரண்டரை மணி. அந்த நேரத்தில் டி.வி. இல்லை, செல்போன் இல்லை, விருந்தாளி இல்லை. இதைக் காவல் காப்பது உங்கள் பொறுப்பு. 2024-லிருந்து கேள்விகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் வைத்துவிட்டார்கள். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. ஆகையால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்ற வேகம் பழகிப் போக வேண்டும். தப்பான விடைக்கு மார்க் குறைப்பது கிடையாது. எனவே ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விட்டுவிட்டு எழுந்து வரக் கூடாது.

உடம்பு நன்றாயிருந்தால்தான்

ராத்திரி இரண்டு மணி விழிப்பை இன்றோடு நிறுத்துங்கள். பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி வைப்பது தூக்கத்தில்தான். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். சாயங்காலத்துக்கு மேல் டீ, காப்பி வேண்டாம்.

எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிடட்டும். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, பயறு வகைகள், கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. பரீட்சை நாளன்று புதுப் பலகாரம் எதுவும் வேண்டாம். வழக்கமான இட்லியே அமிர்தம். ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து முற்றத்தில் நான்கு நடை நடந்துவிட்டு வரட்டும்.

ஊர் வாயும் உள்ளக் கலக்கமும்

"இன்னும் பாஸ் ஆகலையா?", "கல்யாணத்தைப் பண்ணிட்டா என்ன?" என்று கேட்கிற உறவினர்களுக்குப் பதில் நீங்களும் அவள் அப்பாவும் சொல்லுங்கள். அந்தக் கேள்வி அவள் அறைக்குள் போகக் கூடாது. அடமானக் கவலையைப் பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அவள் காதில் தினமும் போட்டால் மார்க் கூடாது, பயம்தான் கூடும். இந்தப் பரீட்சையை இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. பரீட்சை இன்னொரு தடவை வரும். பெண் இன்னொரு தடவை வருவாளா?

இன்னும் ஒரு எச்சரிக்கை. "பணம் குடுத்தா பாஸ் பண்ணி வைக்கிறோம்" என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். "ஊர்ல சின்னதா கிளினிக் வெச்சுக்க வேண்டியதுதானே" என்கிற யோசனையும் வேண்டாம். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால், 2019 சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

கடைசியாக ஒன்று. மூடிவைத்துச் சொல்லும் பழக்கம் பரீட்சைக்காக மட்டும் என்று உங்கள் மகள் நினைக்க வேண்டாம். நாளைக்கு நடுராத்திரியில் ஒரு பிரசவ கேஸ் வரும், பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது. அங்கே கைகொடுக்கப் போவது, தன் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து "அது ஏன், அதுக்கப்புறம் என்ன, வேற எதனால" என்று சொல்லிப் பழகிய படிப்புதான். அப்படிப்பட்ட டாக்டரம்மா ஒருவர் நம் ஊர்ப் பக்கத்துக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும்!